வெளியார் போன பின்னும் நிற்க வேண்டும்: சர்வதேச நிறுவனங்களோடு சேர்ந்து வேலை செய்ய வன்னிச் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

2008 செப்டெம்பரில் கிளிநொச்சியில் ஐக்கிய நாடுகள் அலுவலக வாசலில் மக்கள் கூடி நின்று, தங்களை விட்டுப் போக வேண்டாம் என்று மன்றாடினார்கள். உதவி நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. வாகனங்கள் ஏ9 வீதியால் வவுனியாவை நோக்கிப் போய்விட்டன. மக்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2012 நவம்பரில், ஐ.நா. தன்னைத் தானே விசாரித்து எழுதிய உள்ளக மீளாய்வு அறிக்கை, இறுதிப் போர்க் காலத்தில் அந்த அமைப்பு முழுவதுமே தன் கடமையில் தவறியதை ஒப்புக்கொண்டது.

போர் முடிந்த பிறகு அதே வீதியால் வெள்ளை வாகனங்கள் மறுபடி வந்தன. சந்திகளில் திட்டப் பெயர்ப்பலகைகள் முளைத்தன. இன்று அவற்றில் பல துருப்பிடித்து, எந்த நாடு, எந்த நிதி என்று வாசிக்க முடியாமல் நிற்கின்றன. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒன்பது ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். இப்போது மற்றச் சங்கங்களுக்கு ஆவணங்கள் எழுத உதவுகிறேன். இந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த வெளியார் நாளைக்கே போய்விடலாம் என்று எண்ணித்தான் கூட்டாண்மையின் ஒவ்வொரு படியையும் அமைக்க வேண்டும். கீழே வருவன எல்லாம் அந்த ஓர் எண்ணத்திலிருந்து பிறந்தவை.

படி 1: அவர்கள் வருமுன் உங்கள் தேவையை எழுதி வையுங்கள்

மீள்குடியேறிய இரண்டாம் ஆண்டு ஒரு வெளிநாட்டு நிறுவனம் எங்கள் சங்கத்தைத் தேடி வந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது கிணறு. இருந்த கிணறுகள் தூர்ந்துபோய், உள்ளே வெடிபொருள் கிடக்குமோ என்ற பயத்தில் யாரும் இறங்காமல் கிடந்தன. அவர்களுடைய திட்டத்திலோ கோழிக்குத்தான் பணம் இருந்தது, குடும்பத்துக்கு இருபது குஞ்சு. வந்த உத்தியோகத்தர் நல்ல பிள்ளை. "அக்கா, இந்த முறை இதை எடுங்கள், அடுத்த முறை கிணற்றைப் பார்ப்போம்" என்றார். நாங்களும் தலையாட்டினோம். குஞ்சுகள் கார்த்திகை அடைமழைக்குள் வந்தன. கூட்டுக்கான தகரம் தை மாதம்தான் வந்தது. அதற்குள் என் வீட்டில் மிஞ்சியவை மூன்று. அடுத்த வளவில் ஓர் அம்மா செத்த குஞ்சுகளை உரப்பையில் போட்டுக்கொண்டு வந்து, சங்கக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அந்த நிறுவனத்தின் பதிவில் நாங்கள் எல்லோரும் கையெழுத்து வைத்த பயனாளிகள்.

நாங்கள் ஏன் மறுக்கவில்லை? கையில் எங்களுடைய தாள் என்று ஒன்று இருக்கவில்லை. அவர்களிடம் முன்மொழிவு இருந்தது, எங்களிடம் பேச்சு மட்டும் இருந்தது.

ஆகவே முதல் வேலை பொதுக்கூட்டம். காலபோக அறுவடை நடக்கும் நாட்களிலும், கடற்கரைக் கிராமமானால் கரைவலை இழுக்கும் நேரத்திலும் அதை வைக்காதீர்கள். பெண் தலைமைத்துவக் குடும்பங்களும் மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளும் வரக்கூடிய நேரமாகப் பாருங்கள். கிராமத்தை மண்ணில் கீறி, குளம், வாய்க்கால், பாடசாலை, பாதை, இன்னும் விடுபடாத காணி எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு எண்ணுங்கள்: எத்தனை குடும்பம், எத்தனை கிணறு, அவற்றில் எத்தனையில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கிறது. கடைசியில் ஒரே பக்கத்தில் மூன்று தேவைகளை வரிசைப்படுத்தி எழுதுங்கள். அதன் கீழே, எவர் தந்தாலும் நாங்கள் ஏற்காதவை என்று ஒரு வரியும் எழுதுங்கள். எங்கள் சங்கத்தில் இப்போது அந்த வரி, மழைக்காலத்தில் உயிருள்ள எதையும் வாங்குவதில்லை என்பது.

படி 2: ஆவணங்களை ஒழுங்குபடுத்துங்கள்

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பதிவு செய்யும் திணைக்களம் வேறு. கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அரச சார்பற்ற நிறுவனமாக இயங்க விரும்புவோருக்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டம் இருக்கிறது. சிலர் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் பதிகிறார்கள். எந்த வழியானாலும் பதிவுச் சான்றிதழ், யாப்பு, நிர்வாகசபைப் பட்டியல், இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, கணக்காய்வு செய்த வரவு செலவு ஆகிய ஐந்தும் கையில் இருந்தால் எந்த மேசையிலும் தைரியமாக உட்காரலாம். பதிவில்லாத சிறிய குழுவானால், பல சங்கங்கள் சேர்ந்த சமாசத்தின் ஊடாகப் போங்கள். ஆனால் பணம் எந்தக் கணக்குக்கு வரும், தீர்மானம் யார் எடுப்பார் என்பதை முதலே எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டறிக்கைப் புத்தகத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பக்க எண் இட்ட, தைத்த புத்தகம் வேண்டும். தாள் உருவக்கூடிய கோப்பு உதவாது. யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், யார் எதிர்த்தார் என்பதையும் எழுதுங்கள். எதிர்ப்பை எழுதாத கூட்டறிக்கையை வெளியார் நம்புவதில்லை, நம்பவும் கூடாது. சங்கத்தில் சண்டை வந்த ஒரு நாள், 2014இல் நாங்கள் எழுதிய ஒரு பக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது.

ஐ.நா. முகவரகங்களில் பல தங்கள் உள்ளூர்ப் பங்காளர்களை ஐ.நா. பங்காளர் இணையத்தளத்தின் வழியாகவே தேர்ந்தெடுக்கின்றன. அதில் பதிவதற்குக் கட்டணம் இல்லை. பாலியல் சுரண்டலையும் துஷ்பிரயோகத்தையும் தடுக்க உங்களிடம் என்ன நடைமுறை இருக்கிறது என்று கட்டாயம் கேட்பார்கள். இதைச் சடங்காக எடுக்க வேண்டாம். உதவிப் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்காகப் பெண்களிடம் என்னென்ன கேட்கப்பட்டது என்பதை முகாம் வாழ்க்கை கண்ட நாங்கள் அறிவோம். முறைப்பாட்டை எந்தப் பெண் உறுப்பினரிடம் சொல்லலாம், அவர் அதை எங்கே கொண்டுபோவார் என்று பெயர் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

படி 3: வந்திருப்பவர் யார் என்று பிரித்தறியுங்கள்

நம் ஊரில் எல்லோரையும் 'என்ஜிஓ' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். அங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது.

சர்வதேச செஞ்சிலுவைக் குழு இரகசியம் பேணும் அமைப்பு. நீங்கள் சொன்னதை அது பகிரங்கமாக்காது. நீதிமன்றத்தில் சாட்சியும் சொல்லாது. அதனிடம் நீதி கேட்டுப் போய் மனமுடைந்து திரும்பிய தாய்மார் பலர். தேடுதலுக்கும் குடும்பங்களுக்கான ஆதரவுக்கும் அதனிடம் போகலாம். தூதரகங்களில் சிறு நிதிகள் உண்டு. யப்பான் அடிமட்டத் திட்டங்களுக்கென்றே மானியம் தருகிறது. வடக்கில் மிதிவெடி அகற்றலுக்கும் அந்த வழியாக உதவி வந்திருக்கிறது. குளம், காடு, கடற்கரை பற்றிய வேலையானால் உலகச் சுற்றாடல் வசதியின் சிறு மானிய நிகழ்ச்சித்திட்டத்தைக் கேளுங்கள். 1992இல் தொடங்கிய அதை ஐ.நா. அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டம் நடத்துகிறது. ஒரு மானியத்தின் உச்சம் நீண்ட காலம் 50,000 அமெரிக்க டொலராக இருந்தது.

பொருள் தந்துவிட்டுப் போவோருக்கும் அமைப்பைக் கட்டிவிட்டுப் போவோருக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டுமானால் வவுனியா வடக்குக்குப் போய்ப் பாருங்கள். போருக்குப் பிறகு சர்வதேச தொழில் அமைப்பு அங்கே பப்பாசிச் செய்கையாளரைக் கூட்டுறவுச் சங்கமாகத் திரட்டி, ஏற்றுமதிக் கம்பனியோடு நேரடியாகப் பேச வைத்தது. விலை பேசத் தெரிந்த சங்கம் அங்கே உருவானது. தருவதாகச் சொல்பவர் வந்தால், நீங்கள் போன பிறகு இதை யார் நடத்துவார் என்ற கேள்வியை முதல் நாளே கேளுங்கள்.

படி 4: நீதி தேடும் பாதை

இந்தப் படியில் மெதுவாகப் போக வேண்டும். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அடுத்தடுத்துக் கொட்டகைகள் எழுந்தன. அங்கே உட்கார்ந்த ஒவ்வொரு தாயின் மடியிலும் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மகனின் தேசிய அடையாள அட்டைப் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழு தந்த இலக்கம், ஓரம் மஞ்சளாகிப்போன புகைப்படம். ஒருவர் என்னிடம் பையை விரித்துக் காட்டியபோது, மூலப்பிரதிகளில் இரண்டைக் காணவில்லை. பேட்டி எடுக்க வந்த யாரோ வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. யாரென்று அவருக்குப் பெயரும் தெரியாது.

அதனால் முதல் விதி: மூலப்பிரதியை எவருக்கும் கொடுக்காதீர்கள். பிரதி எடுத்துக் கொடுத்து, எந்தத் திகதியில் யாருக்கு எதற்காகக் கொடுத்தோம் என்று ஒரு பதிவேட்டில் வாங்குபவரின் கையெழுத்தை வாங்குங்கள்.

இரண்டாவது விதி சம்மதம். ஒரு குடும்பத்தின் கதையை அனுப்புமுன், அது எங்கே போகிறது, யார் வாசிப்பார், பெயர் வெளியே வருமா, அதனால் என்ன கிடைக்காது என்று தமிழில் விளக்குங்கள். 'என்ன கிடைக்காது' என்பதுதான் முக்கியம். மூன்று பயன்பாட்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்: ஐ.நா.வுக்கு அனுப்புவது, ஊடகத்துக்குக் கொடுப்பது, நிதி கேட்கும் விண்ணப்பத்தில் சேர்ப்பது. ஒன்றுக்குச் சம்மதித்தவர் மற்றதற்கும் சம்மதித்தார் என்று கொள்ள வேண்டாம். நாளைக்கு மனம் மாறினால் பின்வாங்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

இனிக் கதவுகள். பலவந்தமாக அல்லது விருப்பத்துக்கு மாறாகக் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு 1980இல் உருவானது. குடும்பமோ, குடும்பத்தின் சம்மதத்தோடு ஓர் அமைப்போ அதற்கு முறைப்பாடு அனுப்பலாம். சட்டத்தரணி தேவையில்லை, கட்டணம் இல்லை, உள்ளூர் வழிகளை எல்லாம் முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அது அரசாங்கத்திடம் விவரம் கேட்கும், குற்றவாளியைத் தண்டிக்காது. வீட்டு வசதி உரிமை, சித்திரவதை, ஒன்றுகூடும் சுதந்திரம் போன்றவற்றுக்குத் தனித்தனி ஐ.நா. விசேட அறிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் குற்றச்சாட்டுக் கடிதத்துக்கு அரசாங்கம் பதிலளிக்க 60 நாள் அவகாசம் உண்டு. பிறகு கடிதம் பகிரங்கமாகும். பாதிக்கப்பட்டவரின் பெயர் அதில் வரலாம் என்பதால் பெயரை மறைக்கச் சொல்வதா என்று முன்பே தீர்மானியுங்கள்.

ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் ஐ.நா. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆராயும் உலகளாவிய காலமுறை மீளாய்வில் இலங்கை 2008, 2012, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் நின்றது. எந்த அமைப்பும் இதற்கு அறிக்கை அனுப்பலாம். தனி அமைப்புக்கு 2,815 சொற்கள், சேர்ந்து அனுப்பினால் 5,630 சொற்கள். இந்த எண்ணிக்கையை மீறினால் ஏற்கமாட்டார்கள். தமிழ் அங்கே உத்தியோக மொழியாக இல்லாததால் மொழிபெயர்ப்புக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். மொழிபெயர்த்ததை மறுபடி தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நான் பார்த்த ஒரு வரைவில் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்', வெறுமனே காணாமற்போனவராக மாறியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்தத் தாய் வெயிலில் இருக்கிறார்.

ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. பேரவையில் பேச, ஐ.நா. பொருளாதார சமூகப் பேரவையின் ஆலோசனைத் தகுதி பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். அந்தத் தகுதிக்கு விண்ணப்பிக்க அமைப்பு தொடங்கி இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். கிராமச் சங்கம் அதற்காக ஓட வேண்டியதில்லை. தகுதியுள்ள ஓர் அமைப்போடு எழுத்தில் உடன்பட்டால் போதும். உங்கள் பெயரில் பேசும் உரையை முதல் நாளே உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதை அந்த உடன்பாட்டில் சேருங்கள். பேரவையின் 2021 மார்ச் மாத 46/1 தீர்மானத்தின்படி, சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் வேலை ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பொலித்தீன் பைக்குள் இருக்கும் துண்டுகளை ஒழுங்குபடுத்தி வைப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

படி 5: வங்கிகள் வரும்போது

பெரிய வீதியும் நீர்த்திட்டமும் கடனில் வருகின்றன. அங்கே நீங்கள் பயனாளியாகவும் இருக்கலாம், பாதிக்கப்படுபவராகவும் இருக்கலாம். கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் இதற்குப் பாடம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு, இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகத் திட்டம் வந்தது. சிறுபோகத்தில் முழு வயலுக்கும் தண்ணீர் காணாமல் பங்கு பிரித்து விதைக்கும் விவசாயிகள் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்துக்கும் குடிநீர் தேவை, கிளிநொச்சிக்கும் வயல் தேவை. சொந்தச் சனங்களுக்குள்ளேயே அது பெரும் மனவருத்தமாக வளர்ந்தது. கடைசியில் யாழ்ப்பாண மாவட்டத்துத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறந்துவைக்கப்பட்டது. விவசாயிகள் தங்கள் போகக் கணக்கோடு நின்றதால்தான் வேறு வழி தேடப்பட்டது என்று நான் நம்புகிறேன்.

இப்படியொரு திட்டம் உங்கள் பக்கம் வந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திட்ட ஆவணத்தையும் சுற்றாடல் அறிக்கையையும் கேளுங்கள். பிறகு திட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிட்டு, ஒப்புகைக் கையெழுத்தோடு பிரதியை வைத்திருங்கள். தீர்வு வராவிட்டால், ஆசிய அபிவிருத்தி வங்கிக்குப் பொறுப்புக்கூறல் பொறிமுறையும், உலக வங்கிக்கு 1993 முதல் பரிசோதனைக் குழுவும் இருக்கின்றன. இரண்டிலும் பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தாலே முறையிடலாம். ஆசிய அபிவிருத்தி வங்கிக்குத் தமிழிலேயே எழுதலாம். பெயரை இரகசியமாக வைக்கச் சொல்லவும் உரிமை உண்டு.

படி 6: கையெழுத்துக்கு முன்

புரிந்துணர்வு ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் ஒரு கிழமை தவணை கேட்டு, ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். அவசரப்படுத்துவோரிடம் கையெழுத்து வைக்காதீர்கள். அவர்களுடைய நிதியாண்டு முடிவது உங்கள் சிக்கல் ஆகாது.

நான்கு இடங்களை விரல் வைத்து வாசியுங்கள். திட்டம் இடையில் நின்றால் செய்து முடித்த வேலைக்குப் பணம் யார் தருவார்? வாங்கும் இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் முடிவில் யாருடையவை? சேகரித்த குடும்ப விவரங்களை யார் வைத்திருப்பார்? சங்கத்தின் போக்குவரத்து, தொலைபேசி, எழுதுவினைஞர் செலவுக்கு ஒதுக்கீடு உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுகிறோம், சமூக சேவைக்குச் சம்பளமா என்று. அவர்களுடைய உத்தியோகத்தர் வாகனத்தில் வருகிறார், எங்கள் பொருளாளர் பஸ்ஸில் மாங்குளம் போய், அங்கிருந்து வெயிலில் நடக்கிறார். 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சிமாநாட்டில், 2020க்குள் நிதியில் குறைந்தது 25 சதவீதத்தை உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாகக் கொடுப்போம் என்று பெரிய கொடையாளர்களும் முகவரகங்களும் ஒப்புக்கொண்டன. அந்த வாக்கை மேசையில் நினைவுபடுத்துங்கள்.

கையெழுத்தான பிறகு கிராம அலுவலர், பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம் என்று அறிவித்துவிடுங்கள். முதலே தெரிந்திருந்தால் பாதித் தடை வராது.

படி 7: விசாரிக்க வருவார்கள்

வெளிநாட்டார் வந்துபோன மறுநாள், யார் வந்தார், என்ன கேட்டார் என்று வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்பது வன்னிக்குப் புதிதல்ல. 2013 ஓகஸ்டில் ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகராக இருந்த நவநீதம்பிள்ளை வந்தபோது, முல்லைத்தீவில் தான் போன கிராமங்களுக்குத் தனக்கு முன்னும் பின்னும் பொலிஸாரோ படையினரோ போனதைப் பகிரங்கமாகவே கண்டித்தார். அவருக்கே அப்படி என்றால் நமக்கு எப்படி இருக்கும்?

சந்திப்புக்கு முன்பே யார் பேசுவது, விசாரித்தால் யார் பதில் சொல்வது என்று முடிவெடுங்கள். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டில் சந்திப்பு வைக்காதீர்கள். வந்தவரின் பெயர், பிரிவு, நேரம், கேட்ட கேள்வி ஆகியவற்றை அன்றே எழுதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். ஐ.நா.வோடு ஒத்துழைத்ததற்காக நடக்கும் பழிவாங்கலை உயர்ஸ்தானிகர் அலுவலகத்துக்கு அறிவிக்கலாம்; செயலாளர் நாயகம் ஆண்டுதோறும் அதுபற்றி அறிக்கை வெளியிடுகிறார். அதில் சேர்ப்பதா என்பதையும் பாதிக்கப்பட்டவரே தீர்மானிக்கட்டும்.

படி 8: அவர்கள் போகும் நாள்

திட்டம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே முடிவுக் கூட்டத்தைக் கேளுங்கள். கணக்கை ஊர்ப் பொதுக்கூட்டத்தில் வாசியுங்கள், எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, எது பிழையாகப் போனது என்று. கொடையாளருக்கு அனுப்பிய இறுதி அறிக்கையின் பிரதியைத் தமிழில் வாங்குங்கள். பயனாளிகள் பட்டியல், கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவு, இயந்திரத்தின் உத்தரவாதப் பத்திரம், திருத்துபவரின் தொலைபேசி இலக்கம் எல்லாம் சங்க அலுமாரிக்கு வர வேண்டும்.

எங்கள் சங்கத்துக்குக் கிணறு பிறகு வந்தது, வேறொரு நிறுவனத்தின் ஊடாக, நாங்கள் எழுதிவைத்த ஒரு பக்கத்தைக் காட்டிக் கேட்டுப் பெற்றது. அந்த நிறுவனம் இப்போது வன்னியில் இல்லை. கிணற்றின் ஆவணங்கள் அலுமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கின்றன. சாவி இரண்டு, ஒன்று தலைவியிடம், மற்றது பொருளாளரிடம். போன சித்திரையில் பம்பி பழுதானபோது, திருத்துபவரைத் தேட எங்களுக்கு ஒரு நாள்கூட எடுக்கவில்லை.